தாத்தா பேசிய வருஷம்

டிசம்பர் 1, ஞாயிறு

கேரல் நோட்டு மறுபடியும் என் கைக்கே வந்துவிட்டது. ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளைச் சாம்ராஜ் அண்ணன் பிடித்துக்கொண்டார். எங்கள் சபையின் கேரல் குழுவுக்கு அவர்தான் தலைவர். "பியூலா, இந்த வருசமும் நீதாம்மா. ஒன்ன விட்டா யாருக்கு இந்தப் பொறுமை?" என்றார். எனக்குப் பொறுமை என்று ஒன்று இருப்பதாக இந்தத் தூத்துக்குடியில் நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

வேலை இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். சிவப்பு அங்கியும் பிளாஸ்டிக் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா மணியடித்து ஆடிக்கொண்டு வருவார். ஆடுவார், கை குலுக்குவார், பேச மாட்டார். நான் நோட்டைப் பார்த்துப் பேர் வாசிக்க, மூட்டையிலிருந்து பிள்ளைக்கு ஒரு பார்சல் எடுத்துக் கொடுப்பார். அதை அந்தந்த வீட்டுத் தாய்தகப்பனே வாங்கி, கலர் பேப்பர் சுற்றி, பிள்ளை கண்ணில் படாமல் முன்னாடியே என்னிடம் சேர்த்திருப்பார்கள். பேர் ஒட்டுவது, தெருவாரியாக அடுக்குவது, வாயைத் திறக்காமல் இருப்பது, மூன்றும் என் பொறுப்பு. ஆறு வருடமாகச் செய்கிறேன்.

பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கோயிலில் இதை அறிவிக்க முடியுமா? செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் காதோடு காதாகச் சொல்வதுதான் வழக்கம். நாளை மறுநாள் சொல்ல வேண்டும். செலோடேப் வாங்க வேண்டும். அரிசி மாவு திரிக்கக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 2, திங்கள்

ராத்திரிச் சாப்பாட்டில் என் மகள் கெசியா கேட்டுவிட்டாள். இந்த வருடம் கேட்பாள் என்று எதிர்பார்த்ததுதான். எட்டு வயது ஆகிறது.

"எங்க கிளாஸ்ல அஸ்வின் சொல்லுதாம்மா, தாத்தால்லாம் சும்மாவாம். யாரோ வேசம் போட்டுட்டு வாராவளாம்."

நான் கண் இமைக்காமல் சொன்னேன். "அவனுக்குத் தாத்தா குடுக்கலல்லா, அந்த எரிச்சல்ல சொல்லுதான். நம்பாத பிள்ளைக்கும் கெட்ட பிள்ளைக்கும் தாத்தா எப்பிடிக் குடுப்பாரு?"

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. ஆசீருக்குத் துறைமுகத்தில் எடைமேடையில் வேலை. லாரி ஏறி நின்றால் எத்தனை டன் என்று உள்ளது உள்ளபடி சொல்கிற மெஷின். அதோடு இருந்து இருந்து இவரும் அப்படியே ஆகிவிட்டார். கெசியா தூங்கினதும் ஆரம்பித்தார்.

"பிள்ளைட்ட எதுக்குட்டி பொய் சொல்லுத?"

"இது பொய்யில்ல. இது ஒரு சந்தோசம்."

"சந்தோசமா இருந்தா பொய் இல்லன்னு ஆயிருமா?"

பதினோரு வயது வரை நான் நம்பினேன். எனக்கு ஒரு கேடும் வரவில்லை. மணிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே வயிற்றுக்குள் ஒன்று துள்ளும். அந்தத் துள்ளலை என் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடமாவது கொடுத்தே தீருவேன். எடைமேடை என்ன சொன்னாலும் சரி.

டிசம்பர் 3, செவ்வாய்

பல் டாக்டரிடம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு பெண்கள் கூட்டத்துக்குப் போனேன். அவருடைய கிளினிக்கில் முன்மேசை என்னுடையது. பேர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, வரிசையாகக் கூப்பிடுவது. ஆக எங்கே போனாலும் எனக்குப் பேர் எழுதுகிற உத்தியோகம்தான்.

கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. சாயங்காலமே நாலு பார்சல் வந்துவிட்டது. பீரோ மேலே பழைய போர்வைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று கோயிலில் ஒரு காட்சி. எல்லாரும் வெளியே வந்த பிறகு பிரின்சி மட்டும் உள்ளே நின்று பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. அடுக்கி முடித்து, மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். அவளும் கெசியா வயதுதான். இருவரும் ஓய்வுநாள் பள்ளியில் ஒரே வகுப்பு. புதுக்காலனியில் வீடு. அப்பா லோடுமேன், அம்மா ஞானசெல்வி இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் சபையில் சேர்ந்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது.

"நல்ல பிள்ள" என்று தலையைத் தடவினேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவா ஆன்ட்டி?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கெசியா விவரம் சொன்னாள். "அவ டிபன்கூட இப்பம் மத்த பிள்ளைகளுக்குக் குடுத்துருதாம்மா. வருசா வருசம் தாத்தா அவளுக்கு வெறும் மிட்டாய்தான் குடுக்காரு. ஒனக்கு ஏன்டி தரலன்னு கேட்டா, தெரியலங்கா. கெட்ட பிள்ளைகளுக்குத் தர மாட்டாரு, நீ என்னமோ செஞ்சிருப்பன்னு நான் சொன்னேன்."

"அப்பிடில்லாம் சொல்லக் கூடாது" என்றேன்.

"நீதானம்மா சொன்ன?"

முந்திரிக்கொத்துக்குப் பாகு பதம் தப்பிவிட்டது. மறுபடி வைத்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

நாலரை மணிக்கு ஞானசெல்வி பிரின்சியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். ஐஸில் ஊறின விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. பிள்ளைக்கு இடது கன்னம் வீங்கிக் கண் சுருங்கிவிட்டது.

"இன்னைக்குத்தான்க்கா பாத்தேன். வலிக்குன்னு இவ சொல்லவே இல்ல" என்றாள்.

உள்ளே டாக்டர் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. கடவாய்ப் பல்லில் சீழ் பிடித்திருக்கிறது, பத்து நாளாவது வலித்திருக்கும், பெரிய ஆள்களே தாங்க மாட்டார்கள், என்ன தாய் நீ என்றெல்லாம் ஞானசெல்விக்குத் திட்டு. ஊசி போட்டுச் சீழை எடுத்தார். பிள்ளையிடமிருந்து ஒரு சத்தம் இல்லை.

மருந்துச் சீட்டுக்காக ஞானசெல்வி உள்ளேயே நிற்க, பிரின்சி மட்டும் வெளியே வந்தாள். வாயில் பஞ்சு. நேரே என் மேசைக்கு வந்து, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, என் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் தாத்தா நோட்டா, ஆன்ட்டி?"

"இல்லடா. இது பல்லு நோட்டு."

"நீங்கதான தாத்தா கூட நோட்டு வச்சிட்டு வருவிய?" பஞ்சுக்கு இடையே வார்த்தை குழறியது. "நான் அழல, ஆன்ட்டி. இத்தன நாளும் அழல. எழுதிக்கிடுங்க."

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் நகரவில்லை. எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அதனால் எழுதினேன். பல் ரிஜிஸ்டரில், அவள் பேருக்கு எதிரே, 'அழவில்லை' என்று. அதற்குப் பிறகுதான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 11, புதன்

மத்தியானமே பஜாருக்குப் போய்விட்டேன். நாற்பத்தெட்டுக் கலர் உள்ள பென்சில் பெட்டி, முடி சீவி விடுகிற மாதிரி ஒரு பொம்மை. இருப்பதிலேயே பளபளப்பான பேப்பர். 'பிரின்சி, புதுக்காலனி' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அப்பாடா என்றிருந்தது. காரியம் முடிந்தது.

இவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வருசம் குடுத்துட்டா, அப்பம் போன மூணு வருசமும் அவ கெட்ட பிள்ளதான்னு ஆயிரும்லா?" என்றார்.

"ஏன் ஆவணும்?"

"பல்லு வலிய மறச்சா. பரிசு வந்துட்டு. அடுத்தால வயித்து வலிய மறைப்பா. பிள்ள வேற எப்பிடிக் கணக்குப் போடும்?"

நான் பார்சலைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

இவர் சொன்னது சரி. ஆனால் அதை இவரிடம் சொல்வதாக இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கேரல் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்று வருடமும் என் கையெழுத்துத்தான். 'கெசியா: சைக்கிள் பொம்மை.' 'ஜோயல்: கேரம் போர்டு.' 'பிரின்சி: மிட்டாய்.' அடுத்த வருடம், 'பிரின்சி: மிட்டாய்.' போன வருடமும் அதேதான். கைக்குழந்தைகளைத் தள்ளிவிட்டால், மிட்டாய் என்று எழுதியிருப்பது அந்த ஒரு பேருக்கு எதிரே மட்டும்தான்.

கேட்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தது உண்மை. வாங்க முடியாத வீடாக இருந்து, நான் கேட்கப்போய் அவர்கள் கூசிப்போனால்? அந்த நாகரிகத்தில்தான் கேட்கவில்லை. வேறு காரணம் இல்லை.

அப்படித்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு எழுதுகிறேன். புதுக்காலனி வரை நடப்பதற்கு எனக்குச் சோம்பல். தெற்குத்தெருவில் ஒரு வீட்டில் பார்சல் வராமல் இருந்தால் மூன்று தடவை போன் அடித்திருப்பேன். போன வருடம் ஜோயலுடைய அம்மாவுக்கு அடித்தேனே, மறந்துவிட்டாளா என்று. இவர்களுக்கு அடிக்கவில்லை. நம்பர்கூட என்னிடம் இல்லை.

நாளைக்குப் போகிறேன். மழை பெய்தாலும் போகிறேன்.

டிசம்பர் 14, சனி

மழை பெய்தது. போனேன்.

ஒற்றை அறை வீடு. ஞானசெல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரே நாற்காலியில் கிடந்த துணியை அள்ளினாள். பிரின்சிக்கு வீக்கம் வடிந்திருந்தது. அவளைக் கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். நான் எதற்கோ வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டுவிட்டாள்.

"தாத்தா குடுக்க பார்சல் விசயமா வந்தேன், செல்வி."

"அது கோயில்ல குடுக்கதுதானக்கா? அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"கோயில்ல குடுக்கல. அவியவிய பிள்ளைக்கு அவியவியளே வாங்கி என்ட்ட குடுக்கது."

அவள் கை நின்றது.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"எங்க வச்சுச் சொல்லுவிய இத?"

"செவ்வாக்கிழம, பெண்கள் கூட்டத்துல."

"செவ்வாக்கிழம பதினோரு மணிக்கு நான் இறால் உரிச்சிட்டு நிப்பேன்" என்றாள்.

மறுபடி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். பிறகு அவளாகவே பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"நாங்க வெளியூர்ல இருந்து வந்து சேந்தவிய. ஒங்க ஆள்களுக்கு மட்டுந்தான் குடுப்பிய போலன்னு நானும் இவ அப்பாவும் நெனச்சிட்டோம். அத இவகிட்ட எப்பிடிக்கா சொல்லுவேன்? அஞ்சு வயசு அப்பம். நம்மள அவிய சேத்துக்கிடலன்னு சொல்லவா? அதான், நீ சொன்ன பேச்சு கேக்கல, அதான் தாத்தா தரலன்னு சொல்லிட்டேன். போன வருசம் அழுதுகிட்டே கெடந்தா. அழுதன்னா அடுத்த வருசமும் கெடயாதுன்னு சொல்லி ரெண்டு அடியும் வச்சேன். பல்லு வலிய மறச்சது எதுக்குன்னு இப்பம் தெரியுதா ஒங்களுக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரை காத்திருந்தாள். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

பையிலிருந்து பார்சலை எடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எம்பிள்ளைக்கு நான் வாங்குவேன். வாங்க முடியாமலா இருக்கோம்? யாரும் சொல்லலங்கதுதான விசயம்."

"அப்பம் பிரின்சிட்ட நான் சொல்லிருதேன், தாத்தான்னு ஒருத்தர் கெடயாது, எல்லாம் வேசம்னு."

"சொல்லுங்க. இல்லாத ஆளு பேரச் சொல்லியா அம்மா என்னய அடிச்சான்னு அவ என்னயக் கேப்பா. அதுக்கும் நீங்களே வந்து பதில் சொல்லுவியளா?" வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். "கெட்ட பிள்ளன்னு சொன்னது யாரு? அந்தத் தாத்தா. அப்பம் அவரே வந்து இல்லன்னு சொல்லட்டும். எல்லார் முன்னாலயும் சொல்லட்டும். நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கா. அம்மா சும்மா சொல்லுதங்கா."

"தாத்தா பேச மாட்டாரே, செல்வி."

"மூணு வருசமா பேசாமத்தான் இப்பிடி ஆயிட்டு" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று தெரியாது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 15, ஞாயிறு

சாம்ராஜ் அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் தாத்தா பேசுவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"முப்பது வருசமா தாத்தா பேசுனதில்லம்மா. கூடப் பாடிட்டு வார பிள்ளைக எட்டு பேரு நிக்கும். குரலக் கேட்டா யாருன்னு கண்டுபிடிச்சிரும்லா? ஒரு பிள்ளைக்காக எட்டு பிள்ளைக்குக் கெடுக்கச் சொல்லுதியா?"

"எட்டு பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளையக் கெடுத்திருக்கோமேண்ணே."

தாத்தா வேஷம் போடுகிற டேனி பக்கத்தில் நின்றான். காலேஜ் பையன், ஆட்டத்தில் சூரன். "நான் என்னத்தக்கா பேச? எனக்கு வாயே வராது. நீங்களே போட்டுருங்க, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்" என்றான்.

சாம்ராஜ் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை தாத்தா வேஷம் கட்டுவதை அவர் மனதில் ஓட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "நான்தாண்ணே பேர விட்டது. நான்தான் பேசணும்" என்றேன். கடைசியில், குரலை மாற்றிப் பேச வேண்டும், யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனையோடு சம்மதித்தார்.

டிசம்பர் 17, செவ்வாய்

கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். இனிமேல் இந்தச் சேதியை ஒவ்வொரு வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்வேன் என்றும் சொன்னேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி, "அவளும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள். எதைக் கேட்பாள்? இருப்பதே தெரியாததை எப்படிக் கேட்பாள்?

குளியலறையில் கட்டைக் குரல் பழகினேன். இவர் கதவைத் தட்டி, "தொண்டைல முள்ளா?" என்றார்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. பாடப்போகிற எட்டுப் பிள்ளைகளில் கெசியாவும் ஒருத்தி. அவளை மட்டும் வீட்டில் விட்டுப் போகலாமா என்று கேட்டேன். "ஊர்ப்பிள்ளைக கேக்கலாம், ஒன் பிள்ள கேக்கக் கூடாதா?" என்றார் இவர். எடைமேடை.

டிசம்பர் 19, வியாழன்

ஞானசெல்வி கிளினிக்குக்கு வந்து பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனாள்.  நோட்டில் எழுதிக்கொண்டேன். 'பிரின்சி: அவள் அம்மா கொடுத்தது.' என்ன பொருள் என்று கேட்கத் தைரியம் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்றுப் புதுக்காலனி ரவுண்ட்ஸ். ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். பிரின்சி வீட்டுக்கு முந்தின வீட்டின் பின்பக்கம் டேனி அங்கியைக் கழற்ற, நான் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். தாத்தா தொப்பைக்கு வைக்கிற தலையணையே தேவைப்படவில்லை என்று டேனி சொன்னான். வேறு சமயமாக இருந்தால் அவனுக்கு ஒன்று விட்டிருப்பேன்.

முகமூடிக்குள் ஒரே வியர்வை நாற்றம். கண் ஓட்டை வழியாக நேரே இருப்பது மட்டும்தான் தெரிந்தது. நான் ஆடின ஆட்டத்தை நானே பார்க்க முடியாமல் போனது தேவ கிருபை.

பிரின்சி வாசலில் கைகட்டி நின்றாள். தலையில் தண்ணீர் தொட்டு வழிய வழிய வாரியிருந்தாள். பாட்டு முடிந்தது. என் இடத்தில் நோட்டோடு நின்ற சாம்ராஜ் அண்ணன் "பிரின்சி" என்று வாசித்தார். அவள் ஓரடி முன்னால் வந்தாள். மிட்டாய்க்குத்தான் உள்ளங்கையை நீட்டினாள்.

நான் முட்டிபோட்டேன். பழகின கட்டைக் குரலில், "பிரின்சி, நீ நல்ல பிள்ள" என்று ஆரம்பித்தேன். அது முகமூடிக்குள் மோதி உறுமலாக வந்தது. பிள்ளை மிரண்டு பின்னால் போய் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டது. "என்ன சொன்னாரு? ஏசுதாராம்மா?" என்று கேட்டது.

வலது பக்கம் பிள்ளைகள் நின்றார்கள். பாட்டுத்தாளைப் பிடித்திருக்கிற கெசியாவின் விரல்கள் ஓட்டை வழியே ஓரமாகத் தெரிந்தன. நான் ஒரு மூச்சு இழுத்துவிட்டேன். பிறகு என் சொந்தக் குரலில் பேசினேன்.

"ஏசலம்மா. பிரின்சி, நீ ஒரு தப்பும் செய்யல. மூணு வருசமா ஒம்பேர நான் விட்டுட்டேன். தப்பு என் மேல. நீ எந்த வருசமும் கெட்ட பிள்ள இல்ல. ஒங்கம்மாவும் ஒண்ணும் செய்யல. நான்தான் கேக்காம இருந்துட்டேன். எனக்கு வருத்தமா இருக்கு."

 பிரின்சி சேலையை விட்டுவிட்டு என் கிட்டே வந்தாள். முகமூடியின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பம் ஏன் இத்தன நாளா என்ட்ட யாருமே சொல்லல?"

 "தெரியலம்மா" என்றேன். பிறகு அது பொய் என்று பட்டது. "யாரும் நெனச்சுப் பாக்கல" என்றேன். "இனிமே பல்லு வலிச்சா அழணும். சத்தமா அழணும். என்ன?"

பார்சலைக் கொடுத்தேன். வாங்கினாள், பிரிக்கவில்லை. திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். அதற்கப்புறம் அழுதாள். ஐந்து வயதிலிருந்து சேர்த்து வைத்ததை எல்லாம் அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஞானசெல்வி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் தரையைத் தொடாத குறை.

நான் எழுந்து திரும்பினபோது பிள்ளைகள் அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாக நின்றார்கள். கெசியா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிக்குக் கீழே என் சேலைக் கரை தெரிந்தது. அவளுக்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.

டிசம்பர் 23, திங்கள்

ஜோயலின் அம்மா போன் போட்டு அரை மணி நேரம் திட்டினாள். ஜோயல் கேள்வி மேல் கேள்வி கேட்கிறானாம். "கேக்கட்டும், பதில் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

கெசியா எதுவும் கேட்கவில்லை. அச்சுமுறுக்கை எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

நட்சத்திர விளக்கை மாட்ட நான் ஏறின நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கெசியா, கீழே இருந்து கேட்டாள்.

"நீதான?"

"ஆமா."

"போன வருசம்?"

"டேனி அண்ணன்."

"என் சைக்கிள் பொம்ம?"

"நானும் அப்பாவும் வாங்குனது."

சரி என்று தலையாட்டினாள். நான் இறங்கினேன். அழுவாள் என்று நினைத்திருந்தேன். அந்தத் துள்ளலைப் பறித்துவிட்டாயே என்று கேட்பாள், கேட்டால் அணைத்துக்கொள்ளலாம் என்று பத்து நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"பிரின்சிட்ட வருத்தமா இருக்குன்னு சொன்ன. என்ட்ட ஏன் சொல்லல?"

"ஒனக்கு என்னடா? தாத்தா இல்லன்னு வருத்தமா இருக்கா?"

"அது இல்ல." குரல் உடைந்தது. "நான் அவளக் கெட்ட பிள்ளன்னு சொன்னேன்லா. எல்லாப் பிள்ளைக முன்னாலயும் சொன்னேன். நீ என்னமோ செஞ்சிருப்பன்னு சொன்னேன். அவ யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. ஒரு நாள் பென்சில் எடுத்தேன், அதா இருக்கும்னு சொன்னா. ஆமா அதான்னு நான் சொன்னேன். நீ சொன்னத நம்பித்தானம்மா சொன்னேன்?"

மணிச் சத்தம், வயிற்றுத் துள்ளல் என்றெல்லாம் இந்த டைரியில் எழுதியிருக்கிறேனே. என் பிள்ளையின் கையில் நான் கொடுத்தது இதையும்தான். தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். முகமூடி இல்லாமல் கேட்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் உடனே மன்னித்துவிடவில்லை. இவர் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக மட்டும் இந்த மனிதரை இன்னும் இருபது வருடம் பொறுத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 25, புதன்

விடியற்கால ஆராதனை. கூட்டம் வெளியே வரை நின்றது. முடிந்ததும் ஒருவரையொருவர் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியில் ஞானசெல்வியும் பிரின்சியும் நிற்பதைக் கெசியா பார்த்தாள். புதுப் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பிரின்சிட்டப் பேசிட்டு வாரேன்" என்றாள்.

"வா, நானும் வாரேன்."

"நீ வராண்டாம். நீ வந்தா நீ பேசிருவ."

கூட்டத்துக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கெசியாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிரின்சி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். நடுவில் ஒருமுறை மாட்டேன் என்பதுபோல் தலையாட்டினாள். கெசியா அங்கேயே நின்றாள், திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஞானசெல்வியும் அவர்களை விட்டுத் தள்ளி வந்து, கோயில் சுவர் ஓரமாக, எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

என்ன பேசுகிறார்கள் என்று எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. நாங்கள் போகவில்லை.